ளுஃபார்க் கரையில் நான்கு நாட்கள்

பயணத்தின் சிறப்பைப் பற்றி முப்பதாண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வந்தவன் நான். பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்ற சமுதாயங்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் ஏவுகிறது. அதை விளக்கும்போதெல்லாம், ஒரே ஒரு நபிமொழியைத் தேடி மாதக்கணக்கில் பயணம் செய்த பெரியார்களின் வரலாற்றை எடுத்துக் கூறுவேன். ஆனால், ஹஜ்ஜுக்காகச் சென்று வந்ததைத் தவிர நான் நெடுந்தொலைவு சென்றவன் அல்லன். மதரஸா, பள்ளிவாசல், வீடு ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட தெருக்களே என் உலகம். கடலோர ஊரில் பிறந்திருந்தும், கடலை மாலையில் காற்று வாங்கும் இடமாக அறிந்திருந்தேனே தவிர வேறு விதமாக அறிந்ததில்லை.

ஓமான் நாட்டின் தென்கோடியில், ளுஃபார் மாநிலத்தின் தலைநகரான ஸலாலாவில் பணிபுரியும் என் மகன் இரண்டாண்டுகளாக அழைத்துக்கொண்டே இருந்தான். "வருவதாக இருந்தால் கரீஃப் காலத்தில் வாருங்கள், வாப்பா" என்பான். 'கரீஃப்' என்றால் அகராதியில் இலையுதிர் காலம். இலை உதிர்வதைப் பார்க்கவா இத்தனை தூரம் என்று நான் கேட்டபோது, "இங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. வந்து பாருங்கள்" என்றான். நாற்பதாண்டுகளாக அரபு படித்தவனுக்கு இப்படி ஒரு பதில் வந்தால் சும்மா இருக்க இயலுமா? சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மனைவியுடன் புறப்பட்டேன்.

மகன் சொன்னது உண்மைதான். அரபு நாடு என்றதும் மணலும் வெயிலும் நினைவுக்கு வரும் நமக்கு, அங்கே இறங்கியதும் குற்றாலத்துச் சாரல் முகத்தில் வந்து படுகிறது. ஜூன் மாதக் கடைசி தொடங்கி செப்டம்பர் வரை, நம் கரையில் கச்சான் என்று நாம் சொல்லும் தென்மேற்குக் காற்று அந்தக் கரையை ஒட்டி வலிமையாக வீசுகிறது. அது கடலின் மேற்பரப்பு நீரைத் தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்தக் குளிர்நீரின் மீது படர்ந்து வரும் ஈரக்காற்று மூடுபனியாகி, கரையோர மலைத்தொடரில் முட்டி நின்றுவிடுகிறது. மேலே பாலைவனத்தின் வெப்பக்காற்று ஒரு மூடியைப் போல் அமர்ந்திருப்பதால் பனி உயர்ந்து செல்ல வழியில்லை. மழை என்று சொல்லத்தக்க மழை பெரிதாக இல்லை. மரங்கள்தாம் தம் இலைகளால் அந்தப் பனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக நிலத்துக்கு இறக்குகின்றன. மலையின் கடல் பக்கம் முழுவதும் பச்சைப் புல். முகட்டைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் மறுபக்கம் வறண்ட பாலை. ஒரே மலைக்கு இரண்டு முகங்களை வைத்த வல்லவனின் ஆற்றலை என்னென்பது!

முதல் நாள் ஸலாலா நகரிலேயே கழிந்தது. என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. ஆகவே, அவசரமின்றி, நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்தபோது புறப்படுவது என்று மகன் திட்டமிட்டிருந்தான். சாலையோரத்தில் தென்னந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும்! வரிசையாக இளநீர்க் கடைகள்! ஒரு கடையின் முன் நிறுத்தினோம். நான் என் அரபை இங்கிருந்தே தொடங்கலாம் என்று கருதி, வேற்றுமை உருபுகள் ஒன்றும் பிசகாமல், இலக்கணச் சுத்தமான வாக்கியம் ஒன்றால் நான்கு இளநீர் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வழுக்கையா வேணுமா, தண்ணி மட்டும் போதுமா?" என்று மலையாள வாடையுடன் தமிழில் கேட்டார். என் பேரன் வாய்விட்டுச் சிரித்தான்.

இந்தத் தென்னை நேற்று வந்ததன்று. பதினான்காம் நூற்றாண்டில் இங்கு வந்த இப்னு பதூதா, தம் பயண நூலில் ளுஃபாரைப் பற்றி எழுதும் இடத்தில்தான் வெற்றிலையையும் தென்னையையும் விரிவாக வருணிக்கிறார். இந்தியாவுக்கு அடுத்தபடியாக அவற்றை அவர் கண்ட இடம் இதுவே. இங்குள்ளோர் உடுக்கும் பருத்தித் துணி இந்தியாவிலிருந்து வருவதையும், இங்கிருந்து உயர்சாதிக் குதிரைகள் இந்தியாவுக்குச் செல்வதையும், இங்குள்ள கால்நடைகளுக்கு மத்தி மீனே தீனியாக இருப்பதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். பின்னாளில் மதுரைச் சுல்தான்களின் காலத்தில் நம் மஅபர் கரைக்கும் வந்தவர் அவர். அவர் கண்ட பழைய நகரம் இன்று அல்பலீத் என்னும் இடிபாடாகக் கடலோரத்தில் கிடக்கிறது. பெரிய பள்ளிவாசலின் தூண்கள் நின்ற அடிக்கற்கள் மட்டும் வரிசை வரிசையாக எஞ்சியுள்ளன. அந்த ஸஃப்புகளுக்கு இடையே நடந்தபோது, எத்தனை நெற்றிகள் இந்த மண்ணில் பதிந்திருக்கும் என்ற எண்ணமே மேலோங்கியது.

இரண்டாம் நாள் கிழக்கே சென்றோம். தாக்கா என்னும் மீனவர் ஊரைக் கடந்தபின் கோர் ரோரி என்ற கழிமுகம் வருகிறது. இருபுறமும் செங்குத்தான பாறை முனைகள். நடுவே கடலிலிருந்து மணல்திட்டால் பிரிக்கப்பட்டு அசைவற்றுக் கிடக்கும் நீர். அதன் கரைமேட்டில் ஸும்ஹுரம் என்னும் பழந்துறைமுகத்தின் மதில்கள் நிற்கின்றன. ஈஸா நபி (அலை) அவர்களுக்கு முன்பே ஹளரமவ்த் அரசர்கள் அமைத்த கோட்டை அது. வாயிற்சுவரில் பழைய தென்னரபி எழுத்துகளில் கல்வெட்டுகள் உள்ளன. நான் அறிந்த அரபு எழுத்து ஒன்றுகூட அவற்றில் இல்லை. குந்திரிக்கம் என்று நாம் சொல்லும் 'லுபான்' இங்கிருந்துதான் உலகெங்கும் கப்பலேறியது. வாதி தவ்கா, ஷிஸ்ர், அல்பலீத் ஆகியவற்றோடு இவ்விடத்தையும் சேர்த்து 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்த இடிபாட்டைத் தோண்டியபோது 2006இல் ஒரு மட்பாண்டத் துண்டு கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்று கீறப்பட்டிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது என்று அறிஞர்கள் கணித்துள்ளனர். இந்தச் செய்தியைப் பேரனுக்குச் சொன்னேன். "அந்தக் கீரன் ஊருக்குத் திரும்பிப் போனாரா, அப்பா?" என்று கேட்டான். பானையில் பெயர் எழுதியவன் திரும்பினானா, இம்மண்ணிலேயே அடங்கினானா என்பதை அந்த ஓடு சொல்லவில்லை. பிள்ளையின் கேள்வி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

மாலையில் மிர்பாத் சென்றடைந்தோம். கட்டுதல் என்னும் பொருளுடைய 'ரபத்த' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். குதிரைகளைக் கட்டி வைத்த இடம் ஆதலால் இப்பெயர் பெற்றது என்பர். இக்கரையின் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய குதிரைகளைத்தான் பாண்டிய மன்னர்கள் எங்கள் காயல் துறையில் பொன் கொடுத்து வாங்கினார்கள். அவற்றைப் பேணும் முறை அறியாமல் ஆண்டுதோறும் பெரும்பாலானவற்றைச் சாகவிட்டார்கள் என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். கரீஃபின் கொந்தளிப்பு அடங்கும் தறுவாயில் பாய் விரித்து, அதே காற்றால் இந்தியா சேர்ந்து, வாடை திரும்பியதும் வீடு வருவது அக்கால மாலுமிகளின் வழக்கம். காற்றுக்குக் காத்திருந்த அந்தப் பருவத்துக்கு அவர்கள் இட்ட 'மவ்ஸிம்' என்ற பெயரே ஆங்கிலத்தில் 'மான்சூன்' ஆயிற்று. நாங்கள் சென்ற வேளையிலும் சிறு படகுகள் யாவும் மணலில் ஏற்றப்பட்டிருந்தன. வானளாவ எழும் அலைகளைப் பார்த்துக்கொண்டு, மீனவர்கள் வலைக்கு முடிச்சிட்டுக் கொண்டிருந்தார்கள். கடலை நன்கு அறிந்தவர்கள் கடலுக்குள் போகாமல் கரையில் இருந்தார்கள். அந்தக் காட்சியின் பொருளை அன்று நான் கவனிக்கவில்லை.

ஊருக்கு வெளியே, வெண்ணிறக் குப்பத்தின் கீழ், ஹிஜ்ரி 556இல் மறைந்த 'ஸாஹிபு மிர்பாத்' முஹம்மது பின் அலீ (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். பாஅலவீ ஸாதாத்துகள் அனைவருக்கும் மூதாதையான அவர்களின் வழியில் வந்தவர்களே ஹத்தாத் ராத்திபைத் தொகுத்த இமாம் அப்துல்லாஹ் அல்ஹத்தாத் (ரஹ்) அவர்கள். சிறு வயது முதல் எங்கள் பள்ளியில் நான் ஓதிவரும் ராத்திபு அது. அதன் வேரை இந்தக் கடலோர மண்ணில் கண்டபோது கண்கள் கலங்கின. ஃபாத்திஹா ஓதித் திரும்பினோம். ஓமானின் பிற பகுதிகளில் இபாளிகள் மிகுதி. ளுஃபாரிலோ நம்மைப் போன்ற ஷாஃபிஈகளே பெரும்பாலோர். இமாமின் பின்னால் தொழுதபோது வேற்றூரில் இருப்பதாகவே தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மேற்கே, முக்ஸைல் என்னும் கடற்கரைக்குப் புறப்பட்டோம். நகரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். குளிப்பைக் குறிக்கும் 'குஸ்ல்' என்ற சொல்லின் எழுத்துகளையே தாங்கிய பெயர். மர்னீஃப் என்ற பாறைக் குடைவின் அடியில் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அதன் முடிவில் கடலை நோக்கிய சுண்ணாம்புப் பாறைத் தளம். அலைகள் அடியிலுள்ள குகைக்குள் புகுந்து, காற்றையும் நீரையும் நெருக்கி, பாறையிலுள்ள துளைகளின் வழியே பீறிட்டு எழுகின்றன. துளைகளுக்கு இரும்புக் கம்பி வலை இட்டிருக்கிறார்கள். முதலில் பூமிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு. பின்னர் ஓர் உறுமல். அதன் பிறகு ஆளுயரத்தைப் பல மடங்கு கடந்து எழும் வெண்ணீர்த் தூண். ஒவ்வொரு முறையும் கூட்டம் ஆரவாரம் செய்தது. என் நா தானாகவே 'ஸுப்ஹானல்லாஹ்' என்றது.

இனி நான் எழுதப் போவது என் பிழை. எழுதாமல் விட்டால் இக்கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் அது உண்மையாக இராது.

மனைவி குடைவின் நிழலில் அமர்ந்துவிட்டாள். மகன் தேநீர்க் குடுவையை எடுத்துவர வண்டிக்குச் சென்றான். மருமகள் மாமியாரின் அருகில் இருந்தாள். ஏழு வயதுப் பேரன் என்னோடு நின்றான். பாறை விளிம்புக்கு முன்னால் சங்கிலி கட்டி, எச்சரிக்கைப் பலகையை அரபிலும் ஆங்கிலத்திலும் வைத்திருந்தார்கள். அரபுப் பலகையை வாய்விட்டுப் படித்து, பேரனுக்குப் பொருளும் சொன்னேன். அலை எந்த வாயிலாகக் குகைக்குள் நுழைகிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு. சங்கிலிக்கு அப்பால் நான்கைந்து பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் நாம் நின்றால் என்ன என்று தோன்றிற்று. "நீ இங்கேயே நில்" என்று பேரனிடம் சொல்லிவிட்டு, கைலியை ஒரு கையால் சற்று உயர்த்திக்கொண்டு, சங்கிலியைக் கடந்தேன்.

ஐந்தாறு அடிகள் வைத்திருப்பேன். பாறை பாசி படர்ந்து வழுக்கிற்று. கீழே நீர் பின்வாங்கிக் கருங்குழியாகத் தெரிந்தது. அப்போது ஊதல் ஒலி கேட்டது. அது வேறு யாருக்கோ என்று நினைத்தேன். மீண்டும் ஊதல், அதைத் தொடர்ந்து ஒரு குரல்: "இர்ஜிஃ! இர்ஜிஃ!"

திரும்பு, திரும்பு என்பது அதன் பொருள். ஸர்ஃபு வகுப்பில் 'ரஜஅ, யர்ஜிஉ, இர்ஜிஃ' என்று எத்தனை நூறு பிள்ளைகளின் வாயில் நான் ஏற்றிய ஏவல்வினை அது! அமைதியடைந்த ஆன்மாவை அதன் இறைவன்பால் அழைக்கும் சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததே. மரணச் செய்தி கேட்டதும் நாம் மொழியும் சொல்லிலும் அவ்வேரே இருக்கிறது. அத்தனையும் கணப்பொழுதில் நெஞ்சில் ஓடிற்றே தவிர, கால் திரும்பவில்லை. வெட்கமும் ஒரு காரணம். கூட்டத்தின் முன்னே என்னை ஒருவன் அதட்டுகிறானே என்ற எண்ணம். பிறகுதான் திரும்பினேன். என் பேரன் சங்கிலிக்குக் கீழே நுழைந்து, எனக்கு இரண்டு முழம் பின்னால், என் அடிச்சுவடுகளிலேயே காலை வைத்து வந்துகொண்டிருந்தான்.

காவலர் தாவி வந்து ஒரு கையால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மறுகையால் என்னை முதுகில் தள்ளினார். சங்கிலியை அடைவதற்குள் அலை வந்தது. பெரிய அலை அன்று. நாங்கள் நின்ற இடத்தின் மேல் என் முழங்கால் அளவுக்கு நுரை பாய்ந்து வடிந்தது. ஆனால், என் முழங்கால் அளவு என்பது அவனுக்கு இடுப்பளவு.

காவலர் இளைஞர், என் மாணவர்களின் வயதுதான் இருக்கும். அவர்களுடைய பேச்சு வழக்கில் வேகமாக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்பதை முகத்தில் கண்டுகொண்டு, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஏட்டு வழக்கில் நிறுத்தி நிறுத்திக் கூறினார்: "பெரியவரே, நீங்கள் கடந்தால் அவனும் கடப்பான்." அவ்வளவுதான். நான் ஒன்றும் பேசவில்லை. நாற்பதாண்டு அரபில் ஒரு சொல்லும் வரவில்லை.

மகன் தேநீருடன் திரும்பி வந்தபோது எங்கள் நனைந்த ஆடைகளைக் கண்டான். காவலரிடம் விவரம் கேட்டான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் முதலில் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். ஊற்றும்போது அவன் கை நடுங்கியது. இரவில், நான் வற்புறுத்திக் கேட்ட பின்பே சொன்னான். 2022 ஜூலையில் இதே முக்ஸைலில், பாதுகாப்பு வேலியைக் கடந்து நின்ற ஒரு குடும்பத்தார் எண்மரை அலை இழுத்துச் சென்றது. உடனே மீட்கப்பட்டவர்கள் மூவர் மட்டுமே. அவர்களும் நம்மைப் போல் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். பெருநாள் விடுமுறையில் மகிழ்ந்திருக்க வந்தவர்கள்.

படுக்கப் போகுமுன் மனைவி கேட்டாள்: "அவனை நில்லென்று சொன்னீர்களாமே?"

"சொன்னேன்."

"உங்கள் வாப்பா உங்களை நில்லென்று சொல்லிவிட்டுத் தாம் மட்டும் நடந்திருந்தால் நீங்கள் நின்றிருப்பீர்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை, விடையும் எதிர்பார்க்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டாள். எனக்கு உறக்கம் வரவில்லை. தம் கைகளாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்வதைத் தடுக்கும் இறைக்கட்டளைக்கு எத்தனை தஃப்ஸீர்களிலிருந்து விளக்கம் சொல்லியிருக்கிறேன்! அது போர்க்களத்துக்கும் செல்வத்துக்கும் உரியது மட்டுமன்று. ஒரு துருப்பிடித்த சங்கிலிக்கும் உரியது என்று எனக்கு யாரும் பாடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நானாக இருந்தேன்.

சுபுஹுத் தொழுகைக்குப் பின், மகனும் மருமகளும் இருக்கும்போதே பேரனை அருகில் அழைத்தேன். "நேற்று அப்பா செய்தது தவறு. பலகையைப் படித்துவிட்டும் கடந்தேன். இனி அப்பா தவறாக நடந்தால் நீ பின்னால் வரக்கூடாது, கூப்பிட்டு நிறுத்த வேண்டும்" என்றேன். ஐம்பத்தைந்து வயதில் ஏழு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவன் சற்று யோசித்தான். "அந்த மாமாவுக்கு நன்றி சொன்னீர்களா, அப்பா?" என்று கேட்டான். நான் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே, நான்காம் நாள் மேற்கு மலைக்குச் செல்லும் வழியில் மீண்டும் முக்ஸைலில் நிறுத்தினோம். அதே இளைஞர் அதே இடத்தில் நின்றார். ஸலாம் சொல்லி, என்னை அறிமுகம் செய்துகொண்டு, இம்முறை இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நன்றி கூறினேன். அவருக்கு என்னை நினைவில்லை. நேற்று எத்தனை பேரைத் திரும்ப அழைத்தோம் என்பதைத் தாம் எண்ணி வைக்கவில்லை என்றார். பிள்ளையைக் கண்டதும்தான் முகம் மலர்ந்தது. அவன் தலையைத் தடவி, பரக்கத்துக்காக துஆச் செய்தார். நாங்கள் கொண்டுசென்ற பேரீச்சம்பழத்தை வாங்க மறுத்து, பிறகு பிள்ளையின் கையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

முக்ஸைலுக்கு அப்பால் சாலை மலையின் மீது வளைந்து வளைந்து ஏறுகிறது. வறண்ட பள்ளத்தாக்கொன்றில் குந்திரிக்க மரங்கள் நின்றன. ஆள் உயரத்துக்குச் சற்றே மேற்பட்ட, முறுக்கிய உடலுடைய மரங்கள். பட்டையைச் சீவிவிட்டால் பால் கசிந்து, நாட்கள் செல்லச் செல்ல இறுகி மணியாகிறது. காயத்திலிருந்துதான் அந்த நறுமணம் பிறக்கிறது. மேலே ஏற ஏற மூடுபனி சூழ்ந்தது. திடீரெனச் சாலை நடுவே ஒட்டகங்கள்! வண்டியை நிறுத்தி அவை கடக்கும்வரை காத்திருந்தோம். மேய்த்து வந்த முதியவர் அவற்றை அதட்டிய மொழி அரபன்று. மலைவாழ் மக்கள் வழிவழியாகப் பேசிவரும் ஜிபாலி. அரபுக்கு உறவுமுறையான அத்தொன்மொழியில் ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை.

ஷாஅத் என்ற இடத்தில் மலை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது என்றார்கள். நாங்கள் போய் நின்றபோது பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அடியில் எங்கோ அலையின் ஓசை மட்டும் கேட்டது. அத்தனை தூரம் வந்து ஒன்றும் காணவில்லையே என்று மகன் வருந்தினான். எனக்கு வருத்தம் இல்லை. வேலிக்குப் பத்தடி இப்பால் நின்றேன். பேரன் என் கையைப் பற்றியிருந்தான். நான் தலையைச் சற்று முன்னே நீட்டியபோது, "இதற்கு மேல் வேண்டாம், அப்பா" என்று இழுத்தான். நான் கீழ்ப்படிந்தேன்.

ஊர் திரும்பியபின் மதரஸாவில் புதிய வகுப்பு தொடங்கிற்று. வழக்கம்போல் வினைச்சொற்களின் வாய்பாடு வந்தது. கரும்பலகையில் 'இர்ஜிஃ' என்று எழுதிவிட்டு, பொருளை உடனே சொல்லாமல் சிறிது நேரம் நின்றேன். முன்வரிசைப் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.